ஒரு மழை பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்

கேள்வி: ஒன்றரை ஏக்கர் கொல்லை வாங்கியிருக்கிறேன். கையில் 3 லட்சம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கிணறு இருக்கிறதா, கரண்ட் கம்பம் எவ்வளவு தூரம், மேட்டுக் கொல்லைத் தண்ணீர் உங்கள் பக்கம் இறங்குகிறதா, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பார்க்கும்வரை பணத்தைத் தொடாதீர்கள். மழை கொட்டும்போதே குடையோடு போய் நில்லுங்கள். செந்தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, எந்த வரப்பை உடைத்துக்கொண்டு போகிறது என்று பார்த்து, அங்கங்கே குச்சி நட்டு வையுங்கள். வீடு, குட்டை, பாதை மூன்றுக்கும் இடம் குறிக்க அந்தக் குச்சிகள் போதும். முதல் 50 ஆயிரம் வரப்புக்கும் குட்டைக்கும்தான்.

கேள்வி: கூட்டுப் பட்டா நிலத்தில் என் பங்கில் வீடு கட்டலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். அதுவரை ஒரு செங்கல்கூட இறக்க வேண்டாம்.

கேள்வி: 650 அடி போர் போட்டும் புகைதான் வந்தது. இன்னும் 400 அடி இறக்கினால் கண்டிப்பாகத் தண்ணீர் வரும் என்கிறார் வண்டிக்காரர். இறக்கலாமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வேண்டாம். இந்த மாதம் மட்டும் இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. படிக்கவே வயிறு எரிகிறது.

நம் வேலூர் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். அந்த வெடிப்புகளில் பெரும்பாலானவை மேல் 300 அடிக்குள்ளேயே முடிந்துவிடும். ஆழம் போகப் போக வாய்ப்பு குறையும், அடிக்கான கூலி மட்டும் ஏறும். ஆயிரம் அடி போர், மோட்டார், பைப், கேபிள் எல்லாம் சேர்ந்தால் 3 லட்சம் கிட்ட வந்துவிடும். என் முதல் கொல்லையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவரின் பேச்சை நம்பி இரண்டு இடத்தில் 700 அடி இறக்கினேன். இரண்டிலும் சாம்பல் நிற மாவுதான் பறந்தது. வீட்டுக்கு வைத்திருந்த பணம் அந்த இரண்டு குழியோடு போனது.

நம் மாவட்டத்தில் வருடத்துக்கு 900, 1000 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் விழுகிறது. அதை ஓட விட்டுவிட்டுப் பாறைக்குள் தேடுவானேன்? 50க்கு 50 அடி, 5 அடி ஆழத்தில் குட்டை எடுத்தால் ஒரு தடவை நிரம்பும்போது 3 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஜேசிபி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வேலை முடிந்துவிடும். செம்மண்ணில் தண்ணீர் நிற்காமல் இறங்குகிறதே என்று பதற வேண்டாம். பழைய கிணறு இருந்தால் அதற்கு மேல்புறமாகக் குட்டையை எடுங்கள், இறங்கும் தண்ணீர் கிணற்றுக்குப் போகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு மழைத் தண்ணீர் வீணாக ஓடுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம், ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் குட்டைக்கும் இடம் குறிக்க வேண்டும்.

கேள்வி: கம்பி வேலிக்குக் காசு இல்லை. வேறு வழி?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நடுங்கள் அம்மா. கட்டைவிரல் பருமனில் நாலடி வெட்டி, ஓரடி மண்ணுக்குள் போகும்படி நெருக்கமாக, மழைக்கு முன் நட வேண்டும். முதல் வருடம் ஆடு விடாது, வெளிப்புறம் முள் படல் கட்டிவிடுங்கள். மூன்று வருடத்தில் வேலியாகிவிடும்.

கேள்வி: இருபது தென்னை வைக்கலாமா?
– வாசகர், கணியம்பாடி

பதில்: கோடையில் வளர்ந்த மரம் ஒன்றுக்குத் தினம் 70 லிட்டராவது வேண்டும். சித்திரையில் அவ்வளவு தண்ணீர் இருக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். இப்போதைக்கு வீட்டுக்கு நாலு தென்னை போதும். தண்ணீர் வசதி இருந்தால், சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு. எந்தப் பயிர் வைப்பது என்று குழப்பமாக இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: வார இறுதியில் மட்டும் போகிறோம். ஒரு மாடு வாங்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கூடாது. குடிபோன பிறகு வாங்குங்கள்.

கேள்வி: முதல் வருடமே சமையலுக்கு ஆகிற மாதிரி என்ன போடலாம்?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: இலவம்பாடி முள்ளுக்கத்திரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! அதில் ஐம்பது நாற்று, குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் இரண்டு முருங்கை.