டப்ளினை விடுங்கள், பரங்கிமலையில் தொடங்குங்கள்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். என் தாத்தாவின் தாத்தா ஜேம்ஸ் மர்ஃபி அயர்லாந்திலிருந்து வந்த சிப்பாய். வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் 1868-ல் பரங்கிமலையில் அவருக்குத் திருமணம் நடந்த தேதி, பிள்ளைகளின் பெயர்கள், 'மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்' என்ற படைப் பெயர் எல்லாம் இருக்கின்றன. அந்தப் படை பிறகு 'டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' ஆனதால் அவர் டப்ளின்காரர் என்பது அத்தையின் தீர்ப்பு. இணையத்தில் தேடினால் ஜேம்ஸ் மர்ஃபிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பணம் கட்டினால் குலச் சின்னத்துடன் வம்சாவளி தருவதாக ஒரு தளம் சொல்கிறது. ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா என்கிறான் அண்ணன் மகன். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தத் தளத்துக்குப் பணம் கட்டாதீர்கள். சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அந்தக் குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் அது சொந்தமாகாது. அயர்லாந்தில் மர்ஃபியைவிட அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயரே இல்லை. மர்ஃபிகள் அனைவருக்கும் ஒரே சின்னம் என்பது வியாபாரம்.

அத்தையின் தீர்ப்பையும் தள்ளி வையுங்கள். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய படை. 1857-க்குப் பிறகு அது அரசியின் படையில் சேர்ந்து 102-ஆம் ரெஜிமெண்ட் ஆனது. 1881-ல் பம்பாய்ப் படையோடு இணைத்துத்தான் அதற்கு டப்ளின் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் தாத்தாவின் தாத்தா படையில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து ஒட்டப்பட்ட பெயர் அது. அவர் பிறந்த ஊரை அது சொல்லாது.

அயர்லாந்தில் ஆளைப் பெயரால் தேடினால் கிடைக்காது, ஊரால் தேட வேண்டும். நான் ஊர் என்பது மாவட்டத்தை அல்ல. அங்கே 'டவுன்லாண்ட்' என்று ஒரு நிலப் பிரிவு உண்டு. பெயரில் டவுன் இருந்தாலும் பெரும்பாலும் சில வயல்களும் சில வீடுகளும்தான். அப்படி 60,000-க்கும் மேல் இருக்கின்றன. நம் பட்டி, பாளையம் போல அங்கே 'பாலி', 'கில்' என்று தொடங்கும் பெயர்கள். ஒரே பெயரில் பல ஊர்களும் உண்டு.

அந்த ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடிய காகிதங்கள் ஏராளமாகத் தீக்கிரையாகிவிட்டன. 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரின்போது, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் சில துண்டுகளே மிஞ்சின. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தில் கூழாயின. முழுதாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911 கணக்குகள்தான். அரசின் பிறப்புப் பதிவும் 1864-ல்தான் தொடங்குகிறது. 1868-ல் மணம் முடித்தவர் அதில் இருக்க வழியில்லை.

ஆனால் சிப்பாயைப் பற்றி எழுதிவைத்த அலுவலகங்கள் அயர்லாந்துக்கு வெளியே இருந்தன. அந்தத் தீ அவற்றைத் தொடவில்லை. உங்கள் அதிர்ஷ்டம் அதுதான். சென்னை மாகாணத் தேவாலயங்களின் திருமண, ஞானஸ்நானப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1868 திருமணப் பதிவு கிடைத்தால் அவருடைய தந்தையின் பெயரும் கிடைக்க வாய்ப்புண்டு. 'ஃபிபிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், அங்கிருந்து தொடங்குங்கள். பரங்கிமலைக் கோவிலிலும் நேரில் போய்க் கேளுங்கள், மின்சார ரயிலில் போய் வந்துவிடும் தூரம்தானே.

அடுத்தது படைப் பதிவு. அரசியின் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு விலகியவர்களின் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'இன்ன மாவட்டத்தில், இன்ன ஊருக்கு அருகே, இன்ன பங்கில் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியில்) பிறந்தவர்' என்று ஒரு வரி அதில் வரும். உயரம், கண்ணின் நிறம், முன்பு செய்த தொழில்கூட இருக்கும். நீங்கள் தேடும் புதையல் அந்த ஒரு வரி. அவர் பணியிலேயே இறந்திருந்தால் இந்தத் தாள் இருக்காது. கம்பெனிக் காலத்திலேயே சேர்ந்திருந்தால் கம்பெனியின் ஆள்சேர்ப்பு ஏடுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தில் பார்க்க வேண்டும்.

பங்கின் பெயர் கைக்கு வந்த பிறகு அயர்லாந்துக்குப் போகலாம், வீட்டில் உட்கார்ந்தபடியே. 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மங்கிய மை, நெருக்கி எழுதிய கையெழுத்து. பல பங்குகளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். அங்கே ஜேம்ஸ் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். 'யாக்கோபுஸ்' என்றிருக்கும், நம் கோவில்களில் யாகப்பர் என்கிறோமே, அவரேதான். வில்லியம் அங்கே 'குலியெல்முஸ்'.

1847-க்கும் 1864-க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய நில மதிப்பீட்டையும் பாருங்கள். எந்த டவுன்லாண்டில் யார் குடியிருந்தார், நிலத்தின் சொந்தக்காரர் யார் என்று அதில் உண்டு. பஞ்சம் நாட்டைப் பிய்த்துப் போட்ட காலத்தில் தொடங்கிய கணக்கு அது. அண்ணன் தம்பி யாராவது ஊரிலேயே தங்கியிருந்தால் அவர்களுடைய பிள்ளைகள் 1901 கணக்கில் அகப்படலாம். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909-ல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. 1901-ல் 57 என்று சொன்னவர் 1911-ல் 71 என்று சொல்வதை அந்தக் கணக்குகளில் சகஜமாகப் பார்க்கலாம்!

பாஸ்போர்ட் விஷயம்: தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். உங்கள் அண்ணன் மகன் அதைத் தாண்டி மூன்று தலைமுறை கீழே இருக்கிறான். ஆசையை வளர்க்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரை இடுவது ஐரிஷ் குடும்பங்களில் பரவலான வழக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால் நாமும் 'பெயரன்' என்றுதானே சொல்கிறோம். பைபிளில் பிள்ளைகளின் பெயர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மூத்த மகனின் பெயரை எழுதவில்லை. பார்த்து எழுதுங்கள்.