சின்னக் காருக்கு மெலிந்த பிளைவீல் பொருந்துமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 796 சீசீ, மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய மாருதி ஆல்ட்டோ கார் ஒன்று உள்ளது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு அதில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். கிளச் பிளேட் தேய்ந்துவிட்டதால் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டியுள்ளது. அதே கையோடு பிளைவீலையும் லேத் பட்டறையில் கொடுத்து ஒன்றரைக் கிலோ அளவில் சீவி எடுத்தால் இழுவை கூடும், பெற்றோலும் மிச்சமாகும் என்று மெக்கானிக் தம்பி சொல்கிறார். செய்யலாமா ஐயா?
— ஒரு வாசகர், கல்முனை

பதில்: செய்ய வேண்டாம். கிளச் பிளேட்டை மாற்றுங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்பு வட்டுத்தான் பிளைவீல்; அதன் எடையில் கை வைக்காதீர்கள். உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால், எந்தப் பாதி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு அடிப்பு எஞ்சினில் ஒரு சிலிண்டர், பிஸ்டன்கள் தள்ளிச் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரேயொரு தடவைதான் வலுக் கொடுக்கும். நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஒரு தடவை வெடிப்பு நிகழ்வதால், ஒன்று தள்ளி முடிக்கையில் அடுத்தது தள்ளத் தொடங்கிவிடும். உங்கள் எஞ்சினில் மூன்றே சிலிண்டர்கள் என்பதால் வெடிப்பு 240 பாகைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரு பிஸ்டன் 180 பாகைக்கு மேல் தள்ள முடியாதாகையால், ஒவ்வொரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 60 பாகை தூரம் எந்தச் சிலிண்டரும் தள்ளாத ஓர் இடைவெளி கிடக்கிறது. அந்த இடைவெளியில் கிராங்க் தண்டைச் சுமந்து செல்வது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி வலுவே. உங்கள் மெக்கானிக் சீவி எறியச் சொல்லும் இரும்பு இந்த வேலைக்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, அவர் சொன்னதில் உண்மையான பாதிக்கு வருவோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சடத்துவத் திருப்பம் என்ற சொல் நினைவிருக்கும்; ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் அளவு அது. சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே பெரிது. தூரம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்காகும். மையத்திலிருந்து 10 சென்டிமீற்றர் தூரத்தில் ஒன்றரைக் கிலோவைச் சீவுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் சில்லு ஒரு தடவை சுழல எஞ்சின் ஏறத்தாழ 15 தடவை சுழல்கிறது. அந்தப் 15இன் வர்க்கம் கணக்கில் பெருக்கமாக வருவதால், வேகம் எடுக்கும்போது காரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமமான இலேசு கிடைக்கும். எழுநூறு கிலோவை ஒட்டிய ஒரு காருக்கு இது காலில் உணரக்கூடிய வித்தியாசந்தான். ஆனால் ஐந்தாம் கியருக்குப் போனதும் எஞ்சின் சில்லைப் போல் நான்கு மடங்கே சுழல்வதால், அதே ஒன்றரைக் கிலோவின் பயன் மூன்று, நான்கு கிலோவாகச் சுருங்கிவிடும். களுவாஞ்சிகுடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது அதுவும் இல்லை. வேகம் மாறாத இடத்தில் பிளைவீல் எஞ்சினிடமிருந்து வலு எதையும் கேட்பதில்லை.

பெற்றோல் மிச்சம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு எழும்போது அந்த ஒன்றரைக் கிலோ இரும்பில் சேரும் சக்தி ஏறத்தாழ 740 யூல். ஒரு லீற்றர் பெற்றோலின் சக்தியில் கால் பங்கையே எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று எடுத்தாலும், 100 தடவை அப்படி எழுப்புவதில் மிஞ்சும் பெற்றோல் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வராது. ரயர்களின் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருப்பதும், அடைபட்ட எயார் பில்டரை மாற்றுவதும், பிறேக் உரசிக்கொண்டு ஓடுகிறதா என்று சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதும் இதைவிட எத்தனையோ மடங்கு மிச்சம் தரும்.

இதற்காக நீங்கள் இழப்பவை அன்றாடம் தெரியும். காத்தான்குடிப் பிரதான வீதியில் மாலை நேரத்தில் பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று நகரும்போது, கிளச்சை விட்ட மாத்திரத்தில் எஞ்சின் சட்டென்று அணைந்துபோகும்; அணையாமல் இருக்க அக்சிலேற்றரைக் கூடுதலாக மிதித்தால், மிச்சம் பிடிக்க நினைத்த பெற்றோல் அங்கேயே போய்விடும். ஏசி போட்டு நிறுத்தி வைத்திருக்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கும். செங்கலடி வீதியால் மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் குடும்பத்தோடு ஏறும்போது, கியர் மாற்றும் அந்த ஒரு நொடிக்குள் எஞ்சின் சுற்று விழுந்துவிடுவதால் வண்டி தலையை ஆட்டி ஆட்டி ஏறும். ஓட்டப் பந்தயக் காரில் எஞ்சின் எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே இருப்பதாலும், சுற்று விரைவாக ஏறி இறங்குவதே அங்கு தேவைப்படுவதாலும் மெலிந்த பிளைவீல் அதற்கு நல்லது. உங்கள் கார் செய்யும் வேலை வேறு.

இவ்வளவும் சௌகரியம் பற்றிய பேச்சு. என்னை உண்மையில் அச்சப்படுத்துவது லேத் வேலைதான். உங்கள் பிளைவீல் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்குவதில் பலவீனமானது. சுழலும் வட்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கிளச் உரசும் சூட்டை உள்வாங்க வேண்டியதும் இதே இரும்புதான் என்பதால், மெலிந்துவிட்டால் அது இன்னும் விரைவாகச் சூடேறும். பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த சீவிய பிளைவீல் ஒன்றைச் சொல்கிறேன். உரசும் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள். அவற்றின் நடுவிலிருந்து வெளிப்புறமாக மயிரிழை போன்ற வெடிப்புகள். நகத்தால் வருடியபோது ஒரு வெடிப்பு நகத்தில் தட்டியது. அந்த வட்டு சுழன்றுகொண்டிருந்த இடம் ஓட்டுநரின் பாதங்களுக்கு முன்னால், ஒரு தகரத் தடுப்புக்கு அப்பால். சொந்தக்காரருக்கு அதைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

சீராகச் சீவாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மையத்திலிருந்து 10 சென்டிமீற்றரில் வெறும் 10 கிராம் ஒரு பக்கம் கூடினால், நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஏறத்தாழ 28 கிலோ எடையின் விசையோடு கிராங்க் தண்டை அது ஆட்டும். சமநிலை பார்க்கும் இயந்திரம் இல்லாத பட்டறையில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

தேய்ந்து வரிவிழுந்த உரசும் முகத்தை மட்டும் மிகச் சிறிதளவு சீவி மட்டமாக்குவது வேறு விடயம். அது முறையான வேலை, வெடிப்பு இல்லையென்று பார்த்துவிட்டுச் செய்யலாம். கியர்பொக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஒயில் சீலையும் ரிலீஸ் பெயாரிங்கையும் மாற்றிவிடுங்கள்; பிளைவீல் போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அண்மையில் வாங்கிய சிறிய காரின் பிளைவீலை முன்னைய உரிமையாளர் சீவியிருக்கிறார். ஏசி போட்டால் நடுங்கி அணைகிறது. ஐட்லிங்கைக் கூட்டி வைத்தால் போதுமா?
— ஒரு வாசகர், வாழைச்சேனை

பதில்: கூட்டினால் நடுக்கம் குறையும், ஆனால் பெற்றோல் கூடும், உள்ளே மெலிந்திருக்கும் இரும்பும் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு ஆழம் சீவப்பட்டது என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாத நிலையில், அதே எஞ்சினுக்குரிய, சீவப்படாத பிளைவீல் ஒன்றைத் தேடிப் போடுவதே என் ஆலோசனை. பழையதாக வாங்கினால், ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்வளையத்தைச் சுற்றிலும் பார்த்து, பல் உடைந்ததை ஒதுக்குங்கள். பிறகு உறுதியான ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடித்தது மந்தமாகத் தட்டும். மாற்றும் வரை எஞ்சினை உயர்ந்த சுற்றுக்கு விரட்டாமல் ஓட்டுங்கள்.