பனிமனிதனின் தலை தொங்கினால் கழுத்தைப் பாருங்கள்

நண்பர்களோடு சேர்ந்து துணியில் தைத்த, விசிறிக் காற்றில் உப்பும் எட்டடிப் பனிமனித பொம்மையின் உடம்பு உப்புகிறது, தலை மட்டும் தொங்குகிறது என்கிறீர்கள். தையல் துளைகளில் காற்று கசிவது பரவாயில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருக்கும் பொம்மையில் அது இருக்கத்தான் செய்யும். எனக்குச் சந்தேகம் கழுத்தின் மேல்தான். நண்பர்கள் ஆளுக்கொரு துண்டாகத் தைத்தபோது தலையின் அடிப்பக்கத்தை யாரோ மூடித் தைத்திருக்கலாம். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் இரண்டு கை நுழையும் அளவுக்குத் திறந்துவிடுங்கள், தலை நிமிர்ந்துவிடும்.

தலைக்குப் பருத்தித் துணி போட்டிருந்தால் ரிப்ஸ்டாப் நைலானுக்கு (கிழிசல் பரவாதபடி நெய்த இலேசான துணி) மாற்றுங்கள். தைக்கும்முன் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க அதில் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாமல் அப்படியே இருந்துவிடும், கிளிப் போதும். துணி வழுக்கும், ஒருவர் தைக்க, இன்னொருவர் பின்னால் தாங்கிப் பிடிக்கட்டும்.

அப்புறம், விசிறி காற்றை உறிஞ்சும் வாயைப் புல், இலை அடைக்கிறதா என்றும் பாருங்கள்.