காட்டில் மரம் இழுத்த கியர் எஞ்சின்கள்: கேள்வி பதில்

ஷே எஞ்சின் படம் ஒன்றைப் பகிர்ந்ததிலிருந்து நண்பர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. அமெரிக்கக் காடுகளில் மரம் இழுத்த, பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும் நீராவி எஞ்சின்கள்தான் இன்றைய பொருள். ரயில்வே தேர்வு, வந்தே பாரத் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): சாதாரண நீராவி எஞ்சின் இருக்கும்போது இது ஏன் தேவைப்பட்டது?

நல்ல கேள்வி தம்பி. எஞ்சினை விட்டுவிட்டு முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். மரம் வெட்டும் கம்பெனிக்கு நிரந்தரப் பாதை தேவையில்லை. ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் ஜல்லி கிடையாது, மண்ணை வெட்டிச் சமன் செய்வதும் பெயரளவுக்குத்தான். கடும் ஏற்றம், கூர்மையான வளைவு, மழை பெய்தால் ஒரு பக்கம் அமிழும் தண்டவாளம். சில இடங்களில் இரும்புகூட இல்லை. தோல் உரித்த மரங்களையே நீளவாக்கில் போட்டு, குழிந்த சக்கரம் வைத்த எஞ்சின்களை அதன் மேல் ஓட்டினார்கள்.

எஃப்ரைம் ஷே மிச்சிகனில் மரம் வெட்டிப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் பனிக்காலத்தில் சறுக்குவண்டியில்தான் மரத்தை வெளியே கொண்டுவருவார்கள். பனி சரியாக விழாத வருடம் மரம் காட்டிலேயே கிடக்கும். அவர் மரத் தண்டவாளம் போட்டுப் பார்த்தார்; கனமான சாதாரண எஞ்சின் அதை நாசமாக்கியது. அப்புறம்தான், எடையைச் சின்னச் சின்னச் சக்கரங்களில் பரப்பி, எல்லாச் சக்கரத்துக்கும் கியர் வழியாக விசை கொடுக்கும் யோசனைக்கு வந்தார். ஒஹாயோ மாநிலம் லைமா நகரத் தொழிற்சாலை 1880-இல் முதல் எஞ்சினைக் கட்டிக் கொடுத்தது, 1881-இல் காப்புரிமை கிடைத்தது. 1945 வரை சுமார் 2,770 ஷே எஞ்சின்கள் வெளிவந்தன. மோசமான பாதையைத் திருத்தப் பணமில்லாதவர்களுக்காக, அந்தப் பாதையோடு ஒத்துப்போகும்படி செய்த எஞ்சின் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

கேள்வி (சேலம்): முன்னாலிருந்து எடுத்த படத்தில் பாய்லர் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறதே, விபத்தில் சிக்கிய எஞ்சினா?

இல்லை, பிறந்ததே அப்படித்தான். வலப்பக்கம் இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அந்த எடைக்கு ஈடாகப் பாய்லரை இடப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (குன்னூர்): எங்கள் ஊட்டி மலை ரயிலும் இதே வகைதானே?

இல்லை ஐயா. கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. ஷே எஞ்சினின் கியர் எஞ்சினுக்குள்ளேயே சக்கரத்தைச் சுழற்றுவதோடு சரி. தண்டவாளத்தில் பிடிப்பு வெறும் உராய்வால்தான்.

கேள்வி (சிங்கப்பூர்): எல்லாச் சக்கரத்துக்கும் விசை கொடுப்பதால் அப்படி என்ன பெரிய லாபம்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் அம்மா. 60 டன் எஞ்சின் ஒன்று, 100 அடிக்கு 6 அடி ஏறும் பாதை. உலர்ந்த தண்டவாளத்தில், விசை பெறும் சக்கரங்கள் மேல் இருக்கும் எடையில் சுமார் கால் பங்கை இழுவையாக எதிர்பார்க்கலாம். ஏற்றத்துக்கும் மோசமான பாதைக்கும் சேர்த்து டன்னுக்கு 75 கிலோ இழுக்க வேண்டும் என்று வையுங்கள்.

ஷே எஞ்சினில் 60 டன்னும் விசைச் சக்கரங்கள் மேலேயே நிற்கிறது. இழுவை 15 டன். தன்னையே ஏற்றிக்கொள்ள 4.5 டன் போக மிச்சம் 10.5. அதாவது 140 டன் சரக்கு. அதே 60 டன்னில் சாதாரண எஞ்சினும் தண்ணீர் வண்டியும் சேர்ந்து, 40 டன் மட்டும் விசைச் சக்கரத்தில் இருந்தால் இழுவை 10 டன், மிச்சம் 5.5, சரக்கு 73 டன். பாதிதான். ஏற்றம் 100-க்கு 10 ஆனால் ஷே 70 டன் இழுக்கும், மற்றது 27 டன்னோடு நின்றுவிடும்.

இது காகிதக் கணக்கு. மழையில் பிடிப்பு 15 சதவீதமாக இறங்கினால், முதல் பாதையில் ஷே இழுக்கும் 140 டன் 60 டன்னாகச் சுருங்கிவிடும். அதனால்தான் தண்டவாளத்தில் தூவிப் பிடிப்பைக் கூட்டும் மணல் பெட்டி இல்லாமல் இந்த எஞ்சின்கள் வெளியே கிளம்புவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய ஷேக்களில் தண்ணீர்த் தொட்டியின் கீழுள்ள போகிக்கும் (பயணிகள் பெட்டி அல்ல; வளைவில் திரும்பும் சக்கரச் சட்டம்) விசை போகிறது. தண்ணீர் செலவாகச் செலவாகப் பிடிப்பும் குறையும்.

கேள்வி (ஈரோடு): நீலகிரி எஞ்சினும் ஷே வகை என்று படித்தேனே?

இல்லை. குன்னூர் நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (நாமக்கல், லாரி மெக்கானிக்): போகி வளைவில் திரும்பும்போது ஷாஃப்ட் முறியாதா?

உங்களுக்குத்தான் இது உடனே புரியும். லாரியில் இருப்பது போலவே ஷேயிலும் சாய்ந்தபடியே சுழல விடும் யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது, நீண்டு குறுகும் ஷாஃப்ட்டும் இருக்கிறது. சதுரத் தண்டு ஒன்று சதுரக் கூட்டுக்குள் சறுக்குகிறது. மேற்கு வர்ஜீனியாவின் கேஸ் (Cass) ஊர் மலைப்பாதையில் வண்டி மெதுவாக வளைவு எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினின் வலப்பக்கம் வளைவின் வெளிப்புறமாக இருந்தது. தண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கிரீஸ் பூசிய பகுதி பளபளவென்று தெரிந்தது. பாதை நேரானதும் உள்ளே போய்விட்டது. அந்த நேரம் முழுக்கச் சுழற்சி நிற்கவே இல்லை. தண்டின் சிறு பல்சக்கரங்கள் சக்கரத்தின் வெளிமுகத்தில் பொருத்திய பெரிய பற்களைக் கடித்துச் சுழற்றுகின்றன. எல்லாம் வெளியே, கண்ணுக்கு முன்னால் இருப்பதால் காட்டுக்குள்ளேயே பழுது பார்க்க முடிந்தது.

வெளியே இருப்பதால் ஒரு எச்சரிக்கை: நிற்கும் எஞ்சின்தானே என்று அந்தப் பற்களின் பக்கம் கை கொண்டுபோகாதீர்கள். பாய்லரில் நீராவி இருந்தால் அது ‘நிற்கும்’ எஞ்சின் ஆகாது.

கேள்வி (குன்னூர், மறுபடியும்): நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. வெறும் உராய்வை நம்புவதைவிடப் பல்பட்டை பாதுகாப்பானது. 1899 முதல் எங்கள் ரயில் ஓடுகிறது. அமெரிக்கர்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதா?

தெரியாமல் இல்லை ஐயா. உலகின் முதல் பல்பட்டை மலை ரயிலே அவர்களுடையதுதான். நியூ ஹாம்ப்ஷயரில் மவுன்ட் வாஷிங்டன் உச்சிக்கு 1869-இல் போட்டார்கள். அதன் கடும் ஏற்றம் 100-க்கு 37 வரை போகிறது. நீலகிரியில் 12-க்கு 1, அதாவது 100-க்கு 8 சொச்சம். தெரிந்திருந்தும் காட்டுக்குள் அதை ஏன் போடவில்லை என்றால், பல்பட்டை தன் உயரத்திலிருந்து சிறிது நகர்ந்தாலே பற்கள் சரியாகக் கவ்வாது. அதற்கு உறுதியான அடித்தளம் வேண்டும், தினசரிப் பராமரிப்பு வேண்டும். இரண்டு வருடத்தில் பெயர்த்தெடுக்கப் போகும் கிளைப்பாதைக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்?

கேள்வி (திருச்சி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): குன்னூர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏறுவதை விடுங்கள். மரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது என்ன பிடிமானம்?

நீங்கள் பிடித்தது சரியான இடம். காட்டு ரயில்களில் இறக்கம்தான் பெரிய ஆபத்து. பிரேக் போட்டும் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் சறுக்க ஆரம்பித்தால் பிறகு கட்டுப்படுத்துவது கடினம். பல்பட்டையில் அந்தப் பயம் மிகக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். கேஸ் பாதையின் கடும் ஏற்றம் 100-க்கு 11. அங்கே எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டி ஓடிப்போகாமல் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்கும். தைவானின் அலிஷான் பாதையிலும் இதே ஏற்பாடுதான். நீலகிரியிலும் எஞ்சின் கீழ்ப்பக்கம்தானே நின்று தள்ளுகிறது? அந்த விஷயத்தில் மூன்று ஊரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இதைவிடச் செங்குத்தான இடத்தில் மரக் கம்பெனிகள் பல்பட்டையை நாடவில்லை, கம்பிவடத்தை நாடின. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுவந்த கொச்சி சமஸ்தான வன டிராம்வே 1907 முதல் 1963 வரை ஓடியது. செங்குத்துச் சரிவுகளில் இறங்கும் பாரவண்டியே வடத்தின் மறுமுனையிலிருந்த காலி வண்டியை மேலே இழுத்தது. குன்னூர் நண்பரே, பயணிகளுக்கு, நிரந்தரப் பாதைக்கு, உங்கள் ரயில்தான் சிறந்தது. மரத்துக்கு, தற்காலிகப் பாதைக்கு, அது ஒத்துவராது. இதற்கு மேல் நான் இறங்கிவர மாட்டேன்.

கேள்வி (திண்டுக்கல்): ஷே, கிளைமாக்ஸ், ஹைஸ்லர் என்ற மூன்று வகைக் கியர் எஞ்சின்களில் எது சிறந்தது?

ஷே எண்ணிக்கையிலும் பழுது பார்க்கும் வசதியிலும் முன்னால் நிற்கிறது. பென்சில்வேனியாவின் கோரி நகரில் 1928 வரை கட்டிய கிளைமாக்ஸில் இரு பக்கமும் சாய்ந்த சிலிண்டர்கள், நடுவே ஷாஃப்ட். மோசமான பாதைக்கு நன்றாக வளைந்து கொடுத்தது; ஆனால் குலுங்கும் என்று ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். சார்லஸ் ஹைஸ்லர் 1892-இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் சிலிண்டர்கள் பாய்லருக்கு அடியில் ‘வி’ வடிவில் இருக்கும். மூன்றில் வேகமானது அதுதான். ஷேயின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானபின், 1920களில் போர்ட்லேண்டின் வில்லாமெட் தொழிற்சாலை அதே பாணியில் 33 எஞ்சின்கள் செய்தது. என் ஓட்டு மூன்று சிலிண்டர் ஷேக்குத்தான்.

கேள்வி (கோவை): வீடியோவில் சத்தம் எக்ஸ்பிரஸ் மாதிரி, வண்டி நடக்கிற மாதிரி. எடிட் செய்ததா?

எடிட் இல்லை. மூன்று சிலிண்டரில் கிராங்க் (சிலிண்டர்கள் சுழற்றும் தண்டு) ஒரு சுற்றுக்கு ஆறு முறை நீராவி வெளியேறும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு முறைக்கும் மேல் சுற்றுகிறது. ஆக, சக்கரச் சுற்றுக்குப் பன்னிரண்டுக்கும் அதிகமான ‘சுக்’. சாதாரண எஞ்சினில் நான்கு. வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே அதிகம்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): ஊட்டி ரயில் எஞ்சினிலும் கியர் இருப்பதால் அதையும் ஷே என்று…

வேண்டாம். நீலகிரிக்குத் தனியாக ஒரு அமர்வு வைக்கலாம். இங்கே இனி அதை எடுக்கப் போவதில்லை.

கேள்வி (வால்பாறை): எங்கள் எஸ்டேட்டில் பழைய பாய்லர் ஒன்று கிடக்கிறது. சுத்தம் செய்து நீராவி ஏற்றலாமா?

கூடாது. பாய்லர் ஆய்வாளரிடம் போங்கள். அவர் கையெழுத்துப் போடும்வரை அதில் நெருப்பு மூட்டாதீர்கள். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காட்டு எஞ்சின்களுக்கே இதில் தனி ஆபத்து இருந்தது. மூக்கு கீழ்நோக்கி இறங்கும்போது பாய்லர் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். நெருப்பறையின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்தால் பழுக்கக் காய்ந்து பிய்த்துக்கொள்ளும். சமதரையில் போதுமென்று கண்ணாடிக் குழாய் காட்டும் தண்ணீர் சரிவில் போதாது. ஓட்டுநர் முன்கூட்டியே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கேள்வி (சென்னை): ஏன் மறைந்தன?

லாரியும், சங்கிலிப் பட்டையில் நகரும் கிராலர் டிராக்டரும் வந்தன. தண்டவாளம் போடும் செலவே மிச்சமானது.

கேள்வி (கோலாலம்பூர்): இன்று ஓடுவதை எங்கே பார்க்கலாம்?

கேஸில் பாருங்கள். 1905-இல் கட்டிய ஐந்தாம் எண் ஷே அன்று முதல் அந்த ஊரிலேயே இருக்கிறது. லைமா கடைசியாகக் கட்டிய ஷே, 162 டன் எடையுள்ள 1945-ஆம் வருடத்து எஞ்சின், அதுவும் அங்கேதான். கலிஃபோர்னியாவில் ஃபெல்டன் ஊரின் ரோரிங் கேம்ப். ஆஸ்திரேலியாவில் பஃபிங் பில்லி ரயில்வேயிடம் 1928-இல் கட்டிய கிளைமாக்ஸ். உங்களுக்குப் பக்கம் அலிஷான்தான். சியாயி நகரில் 30 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,216 மீட்டருக்கு ஏறும் பாதை. தினசரி வண்டிகளை டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. ஷே சிறப்பு நாட்களில் மட்டும் வரும். தேதியை விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். போனால் எஞ்சினின் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. கை மட்டும் உங்கள் பக்கமே இருக்கட்டும்.