பறிக்காமல் விட்ட தக்காளி

கேள்வி: அக்கா, ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். வணிகவியல் குரூப், தமிழ் வழி. கணக்குப் பாடம் கிடையாது. பி.ஏ. பொருளாதாரம் சேர ஆசை. "பி.காம். படிச்சா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லயாவது உட்காரலாம், பொருளாதாரம் படிச்சு என்ன பண்ணுவே?" என்கிறார் அப்பா. நீங்கள் அதைத்தானே படித்தீர்கள். எப்படி இருந்தது? எனக்குப் புரியுமா?
– ஒரு மாணவி, வேடசந்தூர்

பதில்: தங்கச்சி, முதல் செமஸ்டர் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் தமிழ் வழிதான். "எலாஸ்டிசிட்டி" (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) என்று சார் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் நோட்டில் அந்த வார்த்தையைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டின் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நெகிழ்ச்சி, வாய்ப்புச் செலவு, இறுதிநிலைப் பயன்பாடு என்று தமிழ்ச் சொல். அதற்குக் கீழே எங்கள் ஊரிலிருந்து ஒரு உதாரணம். உதாரணம் எழுத வரவில்லை என்றால் எனக்கு அந்தப் பாடம் புரியவில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டில் தக்காளி போடுவோம். 2011-ல் ஒரு நாள் மண்டியில் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 14 கிலோ பெட்டிகள், எண்ணிக்கை 40. பெட்டி 50 ரூபாய்க்குப் போனது, மொத்தம் 2,000. கமிஷன் 200, இறக்குக் கூலி 160, வண்டி வாடகை 600 போக அப்பா கைக்கு வந்தது 1,040. பறித்த ஆறு பெண்களுக்கு ஆளுக்கு 150 வீதம் 900. மிச்சம் 140 ரூபாய். நாற்று, உரம், மருந்து எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை.

அடுத்த பறிப்புக்குள் பெட்டி 40 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. "பறிக்க வேணாம், விடு" என்று சொல்லிவிட்டார் அப்பா. அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து அழுதது. பழுத்துத் தொங்குவதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கல்லூரியில் இரண்டாம் செமஸ்டரில், உற்பத்திச் செலவுப் பாடத்தில் சார் பலகையில் வளைகோடுகளைப் போட்டார். ஏற்கெனவே செலவழித்தது எப்படியும் திரும்பாது, அதை மறந்துவிடு. கூலி, வாடகை மாதிரி இனிமேல் செய்யவேண்டிய மாறும் செலவுக்காவது விலை கட்டவில்லை என்றால் உற்பத்தியை நிறுத்துவதே நஷ்டத்தைக் குறைக்கும் என்றார். அந்தப் புள்ளிக்கு ஷட்டவுன் பாயிண்ட் என்று பெயர். அங்கேயே நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 பெட்டிக்கு 1,600 ரூபாய். கமிஷன் 160, இறக்குக் கூலி 160, வாடகை 600 போனால் 680. கூலியோ 900. பறித்திருந்தால் 220 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். எட்டாவதோடு நின்ற அப்பா சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் ஹாஸ்டல் போனில் அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பத்தாகிட்ட நீயே சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து இந்தப் படிப்பை நான் விடவில்லை. எம்.ஏ. படிக்கச் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அதன் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களை அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அது 1918-ல் நூலாக வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற அந்த ஊர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் திரும்பத் திரும்பப் போய் ஆய்வு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் என் புராஜெக்ட்டுக்கு நானும் எங்கள் ஊருக்கே கிளம்பிவிட்டேன்.

"ஏன் தக்காளி போட்டீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டேன். "போன தடவை நல்ல விலை போச்சு" என்பதே பெரும்பாலும் பதில். நட்டு இரண்டு இரண்டரை மாதம் கழித்துத்தான் காய் வரும். அதற்குள் எல்லோரும் நட்டிருப்பார்கள், விலை விழும். விழுந்ததைப் பார்த்து அடுத்த முறை பலர் விட்டுவிடுவார்கள், விலை ஏறும். படத்தில் போட்டால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும். 1934-ல் நிகோலஸ் கால்டர் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு அந்தப் பெயரையே வைத்தார். எங்கள் தெருவில் யாரும் முட்டாள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒரே முடிவை எடுக்கும்போதுதான் எல்லோருக்கும் விலை விழுகிறது. அது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

சரி, உன் அப்பா கவலைக்கு வருகிறேன். ஆடிட்டர் ஆவதுதான் உன் ஆசை என்றால் பி.காம். போ. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனிலும் பொருளாதாரம் ஒரு தாளாக வரும். எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். பொருளாதாரத்தில் முதுகலை வரை படித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். இடம் குறைவு, போட்டி கடுமை. இதையும் அப்பாவிடம் சொல்லிவிடு.

கணக்கு இல்லாமல் பி.ஏ.வை ஓட்டிவிடலாம், எம்.ஏ.வில் மாட்டிக்கொள்வாய். நான் மாட்டிக்கொண்டேன். பக்கத்து அறைப் பெண்ணின் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வாங்கி, வகை நுண்கணிதத்தை (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு வேகமாக மாறும் என்று பார்க்கும் கணக்கு) ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நீ இந்த விடுமுறையிலேயே அந்த ஒரு பாடத்தைத் தொடங்கிவிடு. துணைப்பாடமாகப் புள்ளியியல் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதே.

கேள்வி: கணக்கில் காரணமாக இருப்பதை எக்ஸ் அச்சிலும் அதனால் மாறுவதை ஒய் அச்சிலும் போடச் சொன்னார்கள். பொருளாதாரத்தில் மட்டும் விலையை ஒய் அச்சில் போடுகிறார்களே, ஏன்?
– முதலாண்டு மாணவர், பழனி

பதில்: நல்ல கேள்வி தம்பி, வகுப்பிலும் கேள். 1890-ல் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளாதார அறிஞர் எழுதிய பாடநூல் அப்படிப் பழக்கிவிட்டது. இவ்வளவு சரக்கு விற்க வேண்டுமானால் என்ன விலை வைக்க வேண்டும் என்பது அவர் யோசித்த விதம். அதனால் சரக்கு கீழே, விலை மேலே. நாம் விலையிலிருந்து தொடங்குகிறோம், படத்தை மட்டும் அவருடையதாகவே வைத்துக்கொண்டோம்.