கப்பல் நிற்பது 12 மணி நேரம். ரோமில் உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு?

கேள்வி: அடுத்த கோடையில் மத்தியதரைக் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 4 வயது மகன், மூட்டுவலி உள்ள 68 வயது அம்மா. ஒருநாள் காலை 7 மணிக்கு ‘ரோம்’, மாலை 7 மணிக்குக் கிளம்பும் என்று போட்டிருக்கிறார்கள். கப்பலே நடத்தும் சுற்றுலாவுக்குக் கட்டணம் அதிகம். நாங்களே போய்ச் சுற்றிவிட்டு வர முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் ரோமுக்கு வராது. அது நிற்பது சிவிதாவெக்கியா என்ற துறைமுக ஊரில். அங்கிருந்து ரோம் 70, 80 கிலோமீட்டர். கப்பல் பயணத் திட்டங்களில் இது வழக்கம்தான். புளோரன்ஸ் என்று போட்டிருந்தால் கப்பல் பெரும்பாலும் லிவோர்னோவில் நிற்கும். பாரிஸ் என்றால் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள லெ ஹாவ்ரில். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. இதை எப்போதும் பின்னாலிருந்து போட வேண்டும். கப்பல் கிளம்புவது 7 மணி என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய ‘ஆல் அபோர்டு’ நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். 6 மணி என்றே வைத்துக்கொள்வோம். குழந்தையும் பெரியவரும் கூட இருப்பதால் 5 மணிக்குத் துறைமுகத்துக்குள் வந்துவிட வேண்டும். அப்படியானால் ரோமில் மூன்றரை மணி வாக்கில் ரயில் ஏறியாக வேண்டும். காலையில் கப்பல் 7 மணிக்கு வந்தாலும், இறங்க அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, துறைமுகப் பேருந்து பிடித்து வெளியே வர 8 தாண்டிவிடும். ரோமில் கால் வைக்கும்போது 10 மணி. மிச்சம் ஐந்தரை மணி நேரம். அதில் சாப்பாடு, கழிப்பறை, மகன் நடுவழியில் உட்கார்ந்துவிடுவது எல்லாம் போனால் நான்கு மணி நேரம். உங்களுடைய ரோம் அவ்வளவுதான். கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், திரெவி நீரூற்று எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கப் பார்த்தால் யாரும் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. பல வருடங்களாகக் குடும்பங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். “எல்லாம் பார்த்தோம்” என்று திரும்பி வந்தவர்களைவிட, ஒரே இடத்தில் நிதானமாக இருந்துவிட்டு வந்தவர்கள்தான் அந்த நாளைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார்கள்.

ரயிலில் போவதானால்: கப்பலடியிலிருந்து துறைமுகப் பேருந்து லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் விடும். ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் அம்மாவுக்காக உள்ளூர்ப் பேருந்தைப் பிடியுங்கள். சாதாரண ரயில் ஒரு மணி நேரத்துக்கு முன்பின்னாக ரோமை அடையும். கடைசி நிலையமான டெர்மினி வரை போகாமல் ரோமா சான் பியெத்ரோவில் இறங்கினால், பத்துப் பதினைந்து நிமிட நடையில் வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாள் என்றால் அப்போதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் ஓடும். காலை ரயிலை நம்பி ரோமுக்குப் போய்விடலாம். மாலை ரயில் வரும்போது உங்கள் கப்பல் கிளம்பிக்கொண்டிருக்கும். வேலைநிறுத்த நாளில் ரயில் பக்கமே போகாதீர்கள்.

கப்பல் சுற்றுலாவுக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்டால், முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவர்கள் பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். அம்மா, நான்கு வயதுக் குழந்தை என்ற உங்கள் நிலையில் நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத்தான் சொல்வேன். வழிகாட்டி இல்லாமல், ரோமில் கொண்டுபோய் விட்டு, சொன்ன நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளும் பேருந்தைப் பெரும்பாலான கப்பல்கள் தனியாக விற்கின்றன. முழுச் சுற்றுலாவைவிட விலை குறைவு, திரும்பும் பொறுப்பு கப்பலுடையது. அதை முதலில் விசாரியுங்கள்.

சரி, அந்த நான்கு மணி நேரத்தில் என்ன பார்ப்பது? நானாக இருந்தால் பாந்தியன். ஏறத்தாழ 1900 வருடப் பழைய கட்டடம். 43 மீட்டர் அகலக் கூரை, இரும்புக் கம்பி எதுவும் போடாத கான்கிரீட். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மூடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், தரையில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வடிந்துவிடும். மகளிடம் அந்தத் துளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து விழும் வெயில் வட்டம் சுவரில் மெதுவாக நகர்வதைப் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருக்கட்டும். 2023 முதல் நுழைவுச்சீட்டு வேண்டும், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து நவோனா சதுக்கம் ஐந்து நிமிடம். திரெவி நீரூற்று எதிர்ப்பக்கம் பத்து நிமிட நடை. அம்மாவின் கால் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ரோமின் தெருக்கள் கருங்கல் பாவியவை, மேடு பள்ளம் அதிகம். சின்னச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி திணறும். டாக்ஸி பிடிப்பதானால், சாதாரண வண்டியில் நால்வருக்குத்தான் இடம், நீங்கள் ஐந்து பேர். பெரிய வண்டி என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். தெருவுக்குத் தெரு ‘நசோனி’ என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு, தண்ணீர் குடிக்கத் தகுந்தது. மூக்கு போல வளைந்திருக்கும் குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வில் மாதிரிப் பீய்ச்சும். உங்கள் மகனை அங்கிருந்து நகர்த்துவதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

புனித பேதுரு பேராலயத்துக்குள் போகும் எண்ணம் இருந்தால் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை கோடையில் மிக நீளம். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாள் என்றால் இன்னும் நெரிசல். உங்கள் நாள் புதன் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், கப்பலைவிட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியவை. வழியில் கிரேக்கமும் இருந்தால் அங்கே கடிகாரம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் சில சமயம் மாற்றாது. எனவே ஒருவர் கையில் சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் பில் கையைச் சுடும். தினமும் அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ துறைமுக முகவரின், அதாவது அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிப்பவரின், தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். எல்லோருடைய பாஸ்போர்ட் நகலும் கைப்பையில் இருக்கட்டும். கப்பலின் பெயரையும் உங்கள் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மகன் சட்டைப்பையில் வையுங்கள்.

அன்று காலை அம்மா கால் வலிக்கிறது என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். எல்லோரும் இறங்கிப் போன நாளில் கப்பல் அமைதியாக இருக்கும், நீச்சல் குளத்தருகே நாற்காலி தேட வேண்டாம். உங்களில் ஒருவர் அவரோடு இருந்துவிட்டு, பத்து மணி வாக்கில் மெதுவாக இறங்கிச் சிவிதாவெக்கியாவையே பார்க்கலாம். டிரஜன் பேரரசர் கட்டிய துறைமுகம் அது. பக்கத்திலேயே மைக்கலாஞ்சலோ பெயரில் 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அதையொட்டிக் கடற்கரைச் சாலை, உட்கார இடம். மகனுக்கும் அதுவே பிடிக்கும் என்று தோன்றினால் அவனையும் அவர்களோடு விட்டுவிட்டு, நீங்கள் மகளோடு மட்டும் ரோமுக்குப் போங்கள்.