கிசுகிசு என்று தள்ளிவிட்டார்களா?

பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கல்லூரி இதழின் ஆசிரியர் குழு கிசுகிசு என்று சொல்லி சினிமாப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் கட்டுரையையும் கொஞ்சம் மாற்றுங்கள், நீங்கள் இங்கே போட்டிருக்கும் வரைவில் முதல் இரண்டு பத்தியும் எந்தெந்த நடிகைகள் என்ற பட்டியல்தான், படித்தால் எனக்கே கிசுகிசு மாதிரிதான் இருக்கிறது.

உண்மையான செய்தி நீதிமன்றத்தில் இருக்கிறது. 2020-இல் நியூயார்க்கில் பாலியல் குற்றத்துக்காக அவருக்கு 23 ஆண்டு சிறை. 2024 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஏன்? குற்றச்சாட்டில் சேராத வேறு பெண்களையும் சாட்சி சொல்ல விட்டது தவறு என்று. ஒருவர் பலரிடம் இப்படித்தான் நடந்துகொண்டார் என்பதை ஜூரியிடம் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பது, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மேனேஜர் மீதான வழக்கிலும் வரும் கேள்விதானே. ரத்தானதும் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு (எங்கள் வீட்டிலும்தான்). லாஸ் ஏஞ்சலஸ் வழக்கின் 16 ஆண்டு தண்டனை தனியாக இருந்ததால் உள்ளேயேதான் இருந்தார். இதை விளக்க ஒழுங்கான செய்தி வேண்டாமா?

அப்புறம் அந்த ஒப்பந்தங்கள். புகார் சொன்ன பெண்களுக்குப் பணம் கொடுத்து, வெளியே பேசக்கூடாது என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கியது, 2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் தோண்டி எடுத்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அதிலிருந்து தொடங்குங்கள். யார் என்ன உடுத்தி நீதிமன்றம் வந்தார்கள் என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.